‘இசிஜி நார்மல்’ என்றால் ஒண்ணும் இல்லையா? பதற்றக் கோளாறும் அதற்கான சிகிச்சையும்

காலை எட்டரை மணி. தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குக் கிளம்பிய மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டுகிறது. கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்து நிற்கும் 27 வயது இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். திடீரென நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. சட்டை வியர்வையில் நனைகிறது. ‘செத்துடுவோமோ’ என்று ஒரு எண்ணம். பல்லாவரத்தில் இறங்கி பெஞ்சில் சரிகிறார். யாரோ தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து, பக்கத்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டியூட்டி டாக்டர் சொல்கிறார்: “எல்லாம் நார்மல். ஒண்ணும் இல்லை. டென்ஷனைக் குறைங்க.”

அடுத்த வாரம் அதே ரயில், அதே படபடப்பு. இந்த முறை ‘கேஸ் ட்ரபிள்’ என்று மாத்திரை. அதற்கும் அடுத்த முறை எண்டோஸ்கோபி. பிறகு அவர் ரயிலை விட்டுவிட்டு கேப் பிடிக்கிறார். மேம்பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டியபோது கேபிலும் அது வந்துவிட, ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ கேட்கிறார். ஆறு மாதத்தில் தெருமுனைக் கடைக்குப் போகவும் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. கையில் இருப்பதோ ‘நார்மல்’ என்று எழுதிய ஒரு கட்டு ரிப்போர்ட்.

இந்த இளைஞர் கற்பனைதான். ஆனால் இப்படிச் சுற்றி அலைந்து, கடைசியாக மனநல மருத்துவரின் அறைக்கு வந்து சேர்கிறவர்கள் நிஜத்தில் நிறையப் பேர். இசிஜி சொன்னது உண்மை. அவர் இதயத்தில் கோளாறு இல்லை. ‘ஒண்ணும் இல்லை’ என்று சொன்னதுதான் தவறு. அவருக்கு இருப்பது பதற்றக் கோளாறு. அதற்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, நன்றாகப் பலன் தரும் சிகிச்சையும் உண்டு. அந்தச் சிகிச்சைக்குப் போய்ச் சேரும் வழிதான் இங்கே அடைபட்டுக் கிடக்கிறது.

எத்தனை பேருக்கு இது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 35.9 கோடி பேர் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தார்கள். மனநலப் பிரச்சினைகளிலேயே மிகப் பரவலானது இதுதான். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

இந்திய நிலவரம் இன்னும் மோசம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. கிராமங்களைவிடப் பெருநகரங்களில் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனச்சோர்வு, பதற்றம் போன்ற ‘பொதுவான மனநலப் பிரச்சினைகள்’ இருந்தவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். நூறு பேரில் எண்பத்தைந்து பேர் ‘டென்ஷன்’, ‘கேஸ்’, ‘வீக்னெஸ்’ என்று ஏதோ ஒரு பெயரில் சமாளித்துக்கொண்டிருந்தார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பயம் எப்போது நோயாகிறது?

பதற்றம் உடம்பின் எச்சரிக்கை மணி. ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும்போது ஒரு பேருந்து வேகமாக வந்தால், யோசிப்பதற்கு முன்பே கால் பின்வாங்கிவிடுகிறது. மூளையில் அமிக்டலா என்ற சிறிய பகுதி ஆபத்தை மோப்பம் பிடித்து மணியடிக்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்பதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வேகமாகிறது, உடம்பு இறுகுகிறது, வயிறு கலங்குகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் தானாக அடங்குகிறது.

நேர்காணலுக்கு முந்தைய இரவு தூக்கம் வராததும், அப்ரைசல் நாளில் கை வியர்ப்பதும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மனசு பதறுவதும் இயல்பானவை. அவற்றுக்கு மருந்து தேவையில்லை.

கோளாறு என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள்? மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, அளவு: ஆபத்து சிறியது, பயமோ பல மடங்கு. இரண்டு, காலம்: வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடாமல் தொடர்கிறது. மூன்று, பாதிப்பு: வேலை, படிப்பு, தூக்கம், உறவு என்று அன்றாட வாழ்க்கையை அது தின்ன ஆரம்பிக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். ‘எனக்குப் பயம் இருக்கிறதா’ என்று கேட்பதைவிட, ‘பயத்தால் எதையெல்லாம் விட்டுவிட்டேன்’ என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

ரயிலில் நடந்தது என்ன?

அந்த இளைஞருக்கு வந்தது ‘பேனிக் அட்டாக்’ எனப்படும் பீதித் தாக்குதல். எதிரில் பேருந்து எதுவும் இல்லாமலேயே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. மணி தவறாக அடித்தாலும் உடம்பு அதை நம்பி வேலை செய்கிறது. மூச்சு தேவைக்கு மேல் வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை சுற்றுவதும் அதனால்தான். ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தும் ‘மூச்சு பத்தலை’ என்ற உணர்வு வருகிறது.

இங்கேதான் ஒரு சுழல் தொடங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, ‘இது ஹார்ட் அட்டாக்’ என்று மனசு முடிவு கட்டுகிறது, அந்த முடிவே புதிய ஆபத்தாகிறது, இன்னும் அட்ரினலின், இன்னும் படபடப்பு. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் இது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கிவிடும். அனுபவிப்பவருக்கு அது ஒரு யுகம். ஆனால் பீதித் தாக்குதலே ஒருவரின் உயிரைப் பறிப்பதில்லை.

வாழ்க்கையில் ஒரு முறை இப்படி வந்து போனால் அது நோய் ஆகாது. ‘மறுபடியும் எப்போ வருமோ’ என்ற அச்சம் நிரந்தரமாகி, அதற்காகவே ஒருவர் நடமாட்டத்தைக் குறைக்கத் தொடங்கும்போது அது பீதிக் கோளாறு.

ஒரு எச்சரிக்கை அவசியம். இதைப் படித்துவிட்டு ‘நமக்கும் பேனிக்தான்’ என்று நெஞ்சுவலியை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. முதல் முறை வரும் நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், மாடிப்படி ஏறும்போது கூடும் வலி இருந்தாலோ, சர்க்கரை நோய் அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சில் புதிதாக அசௌகரியம் வந்தாலோ 108-ஐ அழைப்பதும் இசிஜி எடுப்பதும்தான் சரி. இதயத்தில் பிரச்சினை இல்லை என்று ஒரு முறை முறையாக உறுதியான பிறகும் அது திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த வாசல் மனநல மருத்துவருடையதாக இருக்க வேண்டும்.

ஒரே நோய், பல முகங்கள்

பீதிக் கோளாறு ஒரு முகம் மட்டுமே. பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவருக்குத் திடீர்த் தாக்குதல் இருக்காது. ஆனால் கவலை ஓயாது. வேலை போய்விடுமோ, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, கேஸை அணைத்தோமோ என்று ஒன்று விட்டால் ஒன்று. ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்து, கூடவே தூக்கமின்மை, கழுத்து-தோள் வலி, எரிச்சல், களைப்பு இருந்தால் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ‘எப்பவும் எதையாவது யோசிச்சிட்டே இருப்பா’ என்று வீட்டில் சுபாவமாக எடுத்துக்கொள்ளப்படுவது பல சமயம் இதுதான்.

சமூகப் பதற்றக் கோளாறு பெரும்பாலும் பதின்பருவத்திலேயே தொடங்குகிறது. நாலு பேர் முன்னால் பேச வேண்டும், டீம் மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்ய வேண்டும் என்றாலே உடம்பு நடுங்கும். இதைக் ‘கூச்ச சுபாவம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியும் நேர்முகத் தேர்வுக்கே போகாமல் நின்றுவிடுகிற பட்டதாரிகளில் சிலருக்குப் பிரச்சினை ஆங்கிலம் இல்லை, இதுதான்.

உயரம், ரத்தம், ஊசி, நாய், லிஃப்ட் என்று குறிப்பிட்ட ஒன்றின் மேல் மட்டும் வரும் அதீத பயமும், தப்பிக்க வழியில்லாத இடங்களை நினைத்து வரும் வெளியிட அச்சமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. குழந்தைப் பருவத்தில் பட்ட காயம், நீண்ட நாள் மன அழுத்தம், நெருங்கியவரின் மரணம், கடன் ஆகியவை தூண்டிவிடலாம். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகிறது. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, அளவுக்கு மீறிய காபி, மது திடீரென நிறுத்தப்படுவது ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். அதனால்தான் நல்ல மனநல மருத்துவர் முதல் சந்திப்பிலேயே தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார். ‘மனசு பலவீனம்’ என்ற காரணம் மட்டும் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

விலகினால் வளரும்

பதற்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், இதைத் தெரிந்துகொள்ளலாம்: பயந்த இடத்தை விட்டு விலகினால் பயம் வளரும்.

ரயிலில் ஏறாமல் விட்டபோது அந்த இளைஞருக்கு உடனே நிம்மதி கிடைத்தது. மூளை அதைப் பாடமாக எழுதிக்கொண்டது: ‘ரயில் ஆபத்து, தவிர்த்ததால் பிழைத்தோம்.’ ரயிலில் தொடர்ந்து போயிருந்தால் படபடப்பு தானாக இறங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை. அடுத்து கேப், அடுத்து அலுவலகம், அடுத்து தெருமுனை. ஒவ்வொரு முறை விலகும்போதும் உலகம் ஒரு சுற்று சிறுத்துப்போகிறது.

வீட்டில் இருப்பவர்கள் அன்பினால் செய்வதும் பல சமயம் இதற்கே துணைபோகிறது. “நீ போக வேணாம்ப்பா, நான் வாங்கிட்டு வர்றேன்” என்று அம்மா சொல்வது பாசம்தான். ஆனால் பயத்துக்குக் கிடைப்பது தீனி. மறுபக்கம், “எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? எல்லாம் போன் பார்க்கிறதால வர்றது” என்று அப்பா சலித்துக்கொள்வதும், “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்” என்று உறவினர்கள் நாள் பார்ப்பதும் அவரை இன்னும் தனிமைப்படுத்துகின்றன. கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்வருவது ஆறுதல் தரலாம். அதைத் தடுக்க வேண்டியதில்லை. அது சிகிச்சைக்குத் துணையாக இருக்கட்டும், மாற்றாக வேண்டாம்.

ஒரு ஸ்டேஷன், இரண்டு ஸ்டேஷன்

பதற்றக் கோளாறுக்கு நன்கு நிரூபிக்கப்பட்ட வழிகள் இரண்டு: பேச்சு வழி சிகிச்சை, மருந்து. சிலருக்கு ஒன்று போதும். சிலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும்.

பேச்சு வழி சிகிச்சைகளில் முதலிடம் சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சைக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் இதை உருவாக்கினார். ‘மனசுவிட்டுப் பேசினால் பாரம் குறையும்’ என்ற அளவில் இது நிற்பதில்லை. வாரம் ஒரு முறை, பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள், வீட்டுப்பாடத்தோடு நடக்கும் பயிற்சி இது.

முதல் அமர்வுகளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லித் தருகிறார்கள். ‘படபடப்பு வந்தால் மயங்கி விழுவேன்’ என்ற எண்ணத்தை எடுத்து, ‘இதுவரை எத்தனை முறை படபடத்தது, எத்தனை முறை விழுந்தீர்கள்’ என்று கணக்குப் பார்க்க வைக்கிறார்கள். பல சமயம் பதில்: முப்பது முறை, ஒரு முறைகூட இல்லை. அறையிலேயே சுழல் நாற்காலியில் சுற்றவைத்து, மாடிப்படியில் வேகமாக ஏறவைத்து, தலைசுற்றலும் படபடப்பும் ஆபத்தில்லாதவை என்று உடம்புக்கே காட்டுகிறார்கள்.

அடுத்தது பயந்த இடத்தைப் படிப்படியாகச் சந்திப்பது. அந்தத் தாம்பரத்து இளைஞருக்கு என்றால் ஏணி இப்படி அமையலாம். முதல் நாள் பிளாட்பாரத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ரயில்களைப் பார்ப்பது. அடுத்து, கூட்டமில்லாத மதிய நேரத்தில் நண்பருடன் ஒரே ஒரு ஸ்டேஷன், சானடோரியம் வரை. பிறகு குரோம்பேட்டை. பிறகு தனியாகப் பல்லாவரம். பிறகு கிண்டி. கடைசியில் காலை நெரிசலில் கடற்கரை வரை. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும். ஏறட்டும் என்று இறங்காமல் இருக்க வேண்டும்; அது தானாகக் குறையும்வரை அல்லது ‘இதையும் தாங்க முடிகிறது’ என்று தெரியும்வரை. அதே படியைப் பல முறை செய்தபின்தான் அடுத்தது. அவசரப்பட்டு முதல் நாளே கடற்கரைக்குப் போகச் சொல்வதும் தப்பு. ‘தயாரானதும் போகலாம்’ என்று ஆறு மாதம் காத்திருப்பதும் தப்பு.

மூச்சுப் பயிற்சி, யோகா, நடை, ஒழுங்கான தூக்கம் ஆகியவை உதவும். லேசான பதற்றத்துக்கு அவையே போதுமானதாக இருக்கலாம். ஆனால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நிலையில் இருப்பவரிடம் ‘பிராணாயாமம் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது, கால் உடைந்தவரிடம் நடைப்பயிற்சியைச் சிபாரிசு செய்வது போன்றது.

மாத்திரை என்றாலே அடிமையா?

சிகிச்சைக்குப் பலர் தயங்க முதல் காரணம் இந்தக் கேள்வி. ‘ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இரண்டு விதமான மருந்துகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் பயம் இது.

முதல் வகை, எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள். பதற்றக் கோளாறுக்கு முதலில் தரப்படுபவை பெரும்பாலும் இவைதான். இவை போதை தருவதில்லை. ஆனால் உடனே வேலை செய்வதும் இல்லை. பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் குமட்டல், தலைவலி, சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடுவது உண்டு. இதைக் கண்டு பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு ‘எனக்குச் செட் ஆகலை’ என்று சொல்பவர்கள் நிறைய. பாலுறவு விருப்பம் குறைவது போன்ற பக்கவிளைவுகளும் சிலருக்கு வரலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று ஆரம்ப வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவது வழக்கம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் வகை, அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை. அரை மணி நேரத்தில் ஆளைச் சாந்தமாக்கிவிடும். அதனால்தான் ஆபத்தும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு பழகிக்கொண்டு கூடுதல் அளவு கேட்கும், அடிமைத்தனம் வரும். சில நாட்களுக்கு அல்லது சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் தர வேண்டியவை இவை. 2014 முதல் இந்தியாவில் இவற்றில் அல்பிரசோலம் ‘எச்1’ பட்டியலில் உள்ளது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ‘என் ஃப்ரெண்டு கொடுத்த பாதி மாத்திரை’யில் தொடங்கும் கதைகள் பெரும்பாலும் இந்த வகையில்தான் தொடங்குகின்றன. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மட்டுப்படுத்தும்.

எங்கே போவது, யாரைப் பார்ப்பது?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர்; மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். சிபிடி போன்ற சிகிச்சைகளைத் தருபவர். இவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. ‘கவுன்சலர்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ள முடிகிறது என்பதால், படிப்பைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மருத்துவமனை வாசலுக்குப் போக இன்னும் தைரியம் வரவில்லை என்றால், போன் இருக்கிறது. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமில்லாமல் பேசலாம்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இன்னொரு பக்கம் சென்னையின் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கின்றன. புறநகரில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. பதற்றக் கோளாறுக்கு அநேகமாக அட்மிஷன் தேவைப்படுவதில்லை. புறநோயாளியாகப் போய், மாலையே வீடு திரும்பலாம்.

சானடோரியம் சொல்லும் பாடம்

‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயரை எழுதும்போதே சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். 1794-ல் தொடங்கும் வரலாறு கொண்ட ஒரு மருத்துவமனை, தமிழ் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று கல்லூரியில் நண்பனைக் கிண்டலடித்தவர், தனக்கே படபடப்பு வரும்போது அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் வாசலில் நின்றுவிடுகிறார்.

ஆனால் ஒரு பெயரின் மேல் படிந்த பயம் விலகும் என்பதற்குத் தாம்பரமே சாட்சி. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் காசநோய் வந்தவரின் பெயரைக்கூட வீட்டில் மெதுவாகத்தான் சொன்னார்கள். பெண் எடுக்க, கொடுக்கத் தயங்கினார்கள். 1956-ல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து எடுப்பவர்களும் சானடோரியத்தில் தங்கி எடுப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. 1990-களில், எச்ஐவி என்றாலே கதவைச் சாத்திய காலத்தில், அந்த நோயாளிகளையும் அதே தாம்பரம் மருத்துவமனை ஏற்றுக்கொண்டு சிகிச்சை தந்தது.

இன்று ‘சானடோரியம்’ என்பது ரயிலில் அறிவிக்கப்படும் ஒரு ஸ்டேஷன் பெயர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே இறங்கி மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் முகம் திருப்புவதில்லை. குணமாக்கும் மருந்து வந்து, அது வீட்டுக்கு அருகிலேயே கிடைத்து, குணமானவர்கள் கண்ணெதிரே நடமாடியபோது பயம் குறைந்தது. மனநோயின் மேல் உள்ள பயமும் அந்த வழியில்தான் குறையும். மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. மற்ற இரண்டும்தான் பாக்கி.

சட்டம் தந்தது, நடைமுறை தராதது

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது நிதி தரும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை அது ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்றது. ‘எச்ஆருக்குத் தெரிஞ்சிடுமோ’ என்று பயப்படும் இளம் ஊழியர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் சம்மதம் இல்லாமல் மருத்துவர் யாரிடமும் சொல்லக் கூடாது.

உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தியாவின் பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. பதற்றக் கோளாறுக்கான சிகிச்சையோ முழுக்க முழுக்கப் புறநோயாளிச் சிகிச்சை. வாரம் ஒரு சிபிடி அமர்வு என்று மூன்று, நான்கு மாதம் தனியாரிடம் போகும் இளைஞர் அந்தச் செலவைத் தன் சம்பளத்தில் இருந்துதான் கொடுக்கிறார். கையில் இருக்கும் கார்ப்பரேட் இன்ஷூரன்ஸ் கார்டு அங்கே பெரும்பாலும் உதவுவதில்லை. சமத்துவம் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் இன்னொரு சிக்கல். மனநலப் புறநோயாளிப் பிரிவுகள் வழக்கமாக இயங்குவது வார நாட்களின் காலை நேரத்தில். சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ ஷிஃப்ட் பார்க்கும் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் லீவ். என்ன காரணம் சொல்லி லீவ் எடுப்பது என்ற பதற்றம் தனி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, கணக்கு 0.75. எனவே மருத்துவரைப் பார்த்தாலும் அவரால் தர முடிவது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் மருந்து எழுதலாம். சிபிடி தர முடியாது.

இதற்கெல்லாம் பெரிய கட்டடங்கள் வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அதன்கீழ் தாம்பரம் போன்ற புறநகர் அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் இரண்டு நாள் மாலை ஆறு முதல் எட்டு மணிவரை மனநலப் பிரிவு இயங்கினால், லீவ் போடாமல் வந்து போக முடியும். படிப்படியான பயிற்சி தரும் அளவுக்குக் கூடுதல் உளவியலாளர்களை அங்கே நியமிக்கலாம். புறநோயாளி மனநலச் சிகிச்சையையும் காப்பீட்டுக்குள் கொண்டுவரக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களைக் கேட்க வேண்டும். மெப்ஸிலும் ஓஎம்ஆரிலும் உள்ள நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் ‘வெல்னெஸ் டே’ கொண்டாடுவதைவிட, ஊழியர்களின் சிபிடி கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் பலன் அதிகம்.

இவற்றில் செலவே இல்லாத ஒரு மாற்றமும் உண்டு. அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருக்கும் அந்த டியூட்டி டாக்டர், “ஒண்ணும் இல்லை” என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: “ஹார்ட் நல்லா இருக்கு. இது பேனிக் அட்டாக்கா இருக்கலாம். இதுக்கு ட்ரீட்மென்ட் இருக்கு. மறுபடி வந்தா சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்க, நான் லெட்டர் தர்றேன்.” சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் ஒருவரை எண்டோஸ்கோபியில் இருந்தும், கேபில் இருந்தும், பூட்டிய அறையில் இருந்தும் காப்பாற்றலாம்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ரயிலில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திணறினால், முதலில் மருத்துவ உதவி தேவையா என்று பார்க்க வேண்டும். பேனிக் என்று அவரே சொன்னால், சுற்றிக் கூட்டம் போடாமல், காகிதப் பையைத் தேடாமல், பக்கத்தில் உட்கார்ந்து “நான் இங்கதான் இருக்கேன். மெதுவா மூச்சை விடுங்க. கொஞ்ச நேரத்துல இறங்கிடும்” என்று சொன்னால் போதும். ‘பயப்படாதீங்க’ என்று அதட்டுவதால் யாருடைய பயமும் போனதில்லை.

தாம்பரத்தில் இருந்து அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். சில நிமிடத் தூரம். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் ஒருவருக்கு அதுவரை போய்வருவதே இன்றைக்குப் பெரிய பயணமாக இருக்கலாம். சரியான உதவி கிடைத்தால், சில மாதங்களில் அவரும் காலை நெரிசலில் கம்பியைப் பிடித்து நிற்கும் ஆயிரம் பேரில் ஒருவராகிவிடுவார்.